புரட்டி ஒட்டிய உறை

மறுவாழ்வு அலுவலகத்தின் இயக்குநர் பேச ஆரம்பித்தால் மின்விசிறிகூடக் கொட்டாவி விடும். அன்று காலை கிடங்குக்காரரை எதிரே நிற்கவைத்துக்கொண்டு, குடும்பம் என்னும் அடித்தளம் பற்றி இருபது நிமிடம் முழங்கினார். கிடங்குக்காரருக்கு இடது காது கேட்காது. இயக்குநரோ உலாவிக்கொண்டே பேசுகிறவர். இடப்பக்கம் போனபோதெல்லாம் இவருக்குக் கொஞ்சம் இளைப்பாறல்.

வலது காதில் விழுந்தவரைக்கும் விஷயம் இதுதான். ஃபிரிட்ஜ் மெக்கானிக் பயிற்சி ஆறு மாதம். அதுவரை சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மாத உதவித்தொகை. முடிவில் கருவிப்பெட்டி. மீதமிருப்பது ஒரே இடம். ஆனால் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் குடும்பத்தார் ஒருவர், என்ன உறவு என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். மாதக் கடைசிக்குள்.

அவருக்கு இருந்த குடும்பமெல்லாம் ஒரே மகள்தான். கம்பெனிக் கிடங்கிலிருந்து மின்மோட்டார்கள் கால் முளைத்து வெளியே நடந்தபோது, கதவைத் திறந்துவிட்டவர் இவர். நடத்திக்கொண்டு போனவர்கள் தப்பிவிட்டார்கள். சாவி வைத்திருந்தவருக்கு நாலு வருடம். முதல் இரண்டு வருடம் மகள் மாதம் தவறாமல் சிறைக்கு வந்து பார்த்தாள். பிறகு அவளுக்கு ஒரு வரன் வந்தது. "அப்பா கப்பல்ல வேலை பாக்குறார்னு சொல்லிடு. இனிமே இங்க வராத" என்று கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னவர் இவரேதான். சொன்ன சொல் தட்டாத பெண். வரவில்லை.

அந்தக் கப்பல் இன்னும் கரை சேரவில்லை.

விண்ணப்பத்தை மகளுக்குத் தபாலில் அனுப்ப எழுத்தரம்மா மேசையடியிலிருந்து பழுப்பு உறை ஒன்றை எடுத்தார். 'சிறை மீண்டோர் மறுவாழ்வு அலுவலகம்' என்று தேர்தல் சுவரொட்டி அளவுக்கு அச்சடித்திருந்தது. கிடங்குக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமியார் கையில் கிடைத்தால் மகளின் கதி என்ன?

வெற்று உறை இல்லையா என்று கேட்டார். வெற்று உறைக்கு ஒதுக்கீடு இல்லை, பதிவேட்டில் இடிக்கும் என்றார் எழுத்தரம்மா. வெளியில் ஒன்று வாங்கி வரட்டுமா என்றதற்கு, அரசுக் கடிதம் அரசு உறையில்தான் போகவேண்டும் என்று பதில் வந்தது.

கிடங்குக்காரர் உறையை வாங்கி ஓரத்தைத் தடவிப் பார்த்தார். தபால்தலை ஒட்டும் பஞ்சை நனைத்து, ஒட்டுவாயில் ஒற்றி, நகத்தால் நைசாக நெம்பினார். உறை ஒரு கிழிசலும் இல்லாமல் மேசையில் விரிந்தது. உள்பக்கத்தை வெளியே திருப்பி, அதே மடிப்பில் மடித்து, பசை தடவி அழுத்தினார். எழுத்துகள் உள்ளே போயின. வெளியே வெறும் பழுப்பு.

"அடேயப்பா, எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்ட பிறகுதான் எழுத்தரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உங்க ஆபீஸ் உறை எல்லாம் நாங்க ஒட்டுனதுதாம்மா. ஒரு நாளைக்கு இருநூறு."

விண்ணப்பத்தோடு ஒரு வரியாவது எழுதிவைக்க நினைத்தார். நாலு தாள் எழுதி நாலையும் கிழித்தார். கடைசியில், பழைய பக்கத்து வீட்டில் விசாரித்து வாங்கிய முகவரிக்கு விண்ணப்பமும், அலுவலகத்தின் வறட்டு வாசகமும் மட்டும் போயின.

அன்றிலிருந்து தினமும் தபால் வரும் நேரத்துக்கு அலுவலகம் வந்தார். தண்ணீர் குடிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டார். இவ்வளவு தண்ணீர் குடிக்கிறவர் கப்பலில் இருந்தது பொருத்தம்தான். ஃபிரிட்ஜும் கருவிப்பெட்டியும் இரண்டாம் பட்சமாகிவிட்டன. உறவு என்ற கட்டத்தில் 'மகள்' என்று அவள் கையால் எழுதியதை ஒரு தடவை பார்க்கவேண்டும். அதற்குப் பிறகு மூட்டை தூக்கினாலும் பரவாயில்லை.

மாதக் கடைசி நாள். தபால்காரர் கட்டைப் போட்டுவிட்டுப் போனார். எழுத்தரம்மா ஒன்றை உருவி அவரிடம் நீட்டினார்.

அதே உறைதான். ஆனால் அச்செழுத்து வெளியே தெரிந்தது. மறுபடியும் பிரித்து, புரட்டி, நேராக ஒட்டியிருந்தாள். 'சிறை மீண்டோர்' என்ற கொட்டை எழுத்துக்குக் கீழேயே, அனுப்புநர் என்று தன் பெயரையும் வீட்டு எண்ணையும் தெருவையும் முழுசாக எழுதியிருந்தாள். முகவரியில் ஒரு எழுத்து பிசகினாலும் அந்த வீட்டு வாசலுக்கே திரும்பிப் போயிருக்கும்.

கையெழுத்து இருந்தது. 'மகள்' இருந்தது. கடிதம் இல்லை. உறைக்குள் விரல் விட்டுத் துழாவினார். பழைய தபால்தலையும், அவர் கையால் எழுதிய அவள் முகவரியும்தான் உள்ளே கிடந்தன.

இயக்குநர் விண்ணப்பத்தை வாங்கிப் புரட்டினார். 'இதர விவரங்கள்' என்ற கட்டத்தில் புருவம் நெரிந்தது. அந்தக் கட்டத்தை இதுவரை எந்தப் பிரஜையும் நிரப்பியதில்லை. இதெல்லாம் அலுவல் சம்பந்தப்பட்டதா என்று சலித்துக்கொண்டு உரக்கப் படித்தார்:

"அப்பாவுக்கு இடது காது கேட்காது. வலது பக்கம் நின்று சொல்லிக்கொடுக்கவும்."

இயக்குநருக்கே பேச்சு அடைத்தது. அலுவலக வரலாற்றில் அது ஒரு சாதனை. எழுத்தரம்மா நாற்காலியை நகர்த்திவிட்டு, மேசையைச் சுற்றிவந்து, கிடங்குக்காரரின் வலப்பக்கம் நின்றார்.

"திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு வந்துடுங்க, ஐயா."

அவர் தலையாட்டினார். உறையை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வந்த உறையைக் கோப்பில் வைக்க விதி இல்லை என்றார் எழுத்தரம்மா. அந்த அலுவலகத்து விதி ஒன்று மனிதனுக்கு உதவியது அதுவே முதல் முறையாக இருக்கலாம்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து வீட்டு எண்ணை மறுபடி படித்தார். வரச் சொல்லி எங்கும் எழுதியிருக்கவில்லை. வராதே என்றும் இல்லை. உறையின் ஒட்டு ஒரு பக்கம் கோணலாகப் போயிருந்தது. சிறையில் இப்படி ஒட்டினால் முகத்தில் வீசியிருப்பார்கள். அந்தக் கோணலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். அதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது.