நாலாவது வாகனம்

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வெளிக்கிடுவதென்று ரதீசன் சொல்லியிருந்தான். ஏழு மணிக்கு அவன் வாயில் பிரஷ்ஷோடு பல்கனியில் நின்றான். நான் வேவு பார்க்கவில்லை. மொன்ட்ரியால்-நோரில் எங்கள் கட்டடமும் அவன் கட்டடமும் நேருக்கு நேர் நிற்கின்றன. கண்ணை மூடிக்கொண்டா தேத்தண்ணி குடிப்பது?

ரதீசனுக்கு டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை. போன வருசம் ஜீப் வாங்கினான். கூரையில் நாலு லைட், முன்னுக்கு, புதைந்த வாகனத்தை இழுத்தெடுக்கிற கம்பிச் சுருள். அதை அவன் பிள்ளையின் பெயரைச் சொல்வதுபோல 'வின்ச்' என்பான். அந்த ஜீப் அதுவரை போன மிகக் கரடுமுரடான இடம் கோவில் பார்க்கிங். வின்ச் ஒரு நாய்க்குட்டியைக்கூட இழுத்ததில்லை. அந்தக் கவலையில்தான் ஜீப் வைத்திருக்கிற றொபின்சனையும் வசீகரனையும் சேர்த்து இந்த ஒருநாள் பயணத்தை ஒழுங்குபண்ணினான். இரண்டரை மணித்தியாலத் தூரத்தில், எப்போதோ மூடிப்போன செப்புச் சுரங்கம். கழிவு மண் கொட்டிக் கொட்டி மலையாகி, புல்லும் முளைக்காமல் கிடக்குமாம்.

"அசல் பாலைவனம், மணியக்கா. கியூபெக்கிலை," என்று ஒரு கிழமையாக எனக்குப் போனில் படம் காட்டினான்.

என்னைக் கூட்டிப்போகச் சொன்னது றொபின்சன். மட்டக்களப்பு ஆள், வாய் சும்மா இராது. "மணியக்காவை விட்டிட்டுப் போனால் மறுகா ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு விசாரிப்பா. கூட்டிக்கொண்டு போனால் ஒரேயடியா முடிஞ்சிடும்." நான் மறுத்துக் கதைக்கவில்லை. உண்மையை மறுத்து என்ன பிரயோசனம்?

ஒன்பதரைக்கு ஒருவழியாக எல்லோரும் கீழே கூடினோம். என் மேல்மாடிக்காரர் அருளம்பலமும் மனைவி செல்வமலரும் ரதீசனின் ஜீப்பில் போவதாக ஏற்பாடு. அருளம்பலத்துக்கு டோர்வல் விமான நிலையத்தில் விமானம் துப்புரவாக்குகிற வேலை. முதல்நாள் வேலை முடிந்து வந்து அவர் கழற்றிய சப்பாத்து இரண்டும் ஒவ்வொன்றாய் என் கூரையில் விழுந்ததை நான் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் மூன்று மணித்தியாலம் படுத்திருப்பார், அவ்வளவுதான். மதிலோடு சாய்ந்து நின்றபடியே கண்ணை மூடியிருந்தார். அன்றைக்கும் மாலை ஐந்து மணிக்கு அவருக்கு வேலை.

ஜீப்புகள் உறுமத் தொடங்கின. செல்வமலர் கையைக் காட்டினா.

"மூண்டு வாகனம் ஒண்டாய் வெளிக்கிடக் கூடாது."

"மலரக்கா, மூண்டு பேர் போறதுக்குத்தான் அந்தச் சாத்திரம். வாகனத்துக்கு இல்லை," என்றான் ரதீசன்.

"மூண்டு எண்டால் மூண்டுதான். போன முறை மூண்டு வாகனத்திலை கலியாணத்துக்குப் போய் என்ன நடந்தது? வசீகரன்ரை மாமிக்குக் கால் முறிஞ்சது."

"அவ மேடையிலை ஆடி முறிச்சவ," என்றார் றொபின்சன்.

எடுபடவில்லை. எங்கள் ஆட்கள் நல்ல காரியத்துக்கு மூன்று பேராய்ப் போக நேர்ந்தால் ஒரு கல்லை நாலாவது ஆளாகக் கொண்டுபோவார்கள். மூன்று ஜீப்புக்கு என்ன கல் கொண்டுபோவது? அப்போது அருளம்பலம் கண்ணைத் திறந்தார். "நான் என்ரை காரையும் கொண்டுவாறன்."

அவருடைய கார் பதினாலு வயசுக் கொறொல்லா. செல்வமலருக்கு முகம் மலர்ந்தது. மனிசன் தன் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தா. அவர் ஏன் சொன்னார் என்பது எனக்குத்தான் தெரியும். சொந்தக் கார் இருந்தால் நினைத்த நேரம் திரும்பலாம்.

பதினைந்து நாளைக்கு முன் அவர் ஒரு கடிதத்தோடு என் கதவைத் தட்டினார். பிரெஞ்சில் இருந்தது. என் மகள் ஆர்த்திகா குசினி மேசையில் வைத்து வாசித்துச் சொன்னாள். வேலைக்கு இரண்டு தரம் பிந்தி வந்ததற்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தாயிற்று, இன்னொரு தரம் பிந்தினாலோ சொல்லாமல் நின்றாலோ வேலையில்லை. இரண்டாம் தரம் அவர் அரை மணித்தியாலம் முந்தியே போயிருக்கிறார். பார்க்கிங்கில் காருக்குள் இருந்தபடி கண்ணயர்ந்து, முக்கால் மணித்தியாலம் பிந்தி உள்ளே போயிருக்கிறார்.

"மணியக்கா, மலருக்கும் தெரிய வேண்டாம். அவ ஊர்க் கவலை எல்லாத்தையும் தலையிலை போடுறவ. உங்கடை வாய்தான் எனக்குப் பயம்," என்றார்.

சினேகிதி அல்போன்சம்மாவோடு ஒரு நாளைக்கு இரண்டு தரம் போனில் கதைக்கிற நான், பதினைந்து நாள் அதை விழுங்கி வைத்திருந்தேன். நெஞ்செரிவு வந்து மருந்து எடுத்தேன்.

ஜீப்பில் ஏற என் முழங்கால் விடாது என்பதால் நானும் கொறொல்லாவில் ஏறினேன். ஏறிய பிறகுதான் செல்வமலர் எண்ணினா. அவர், தான், நான். இறங்கிப்போய் மதிலோரம் கிடந்த கல்லொன்றை எடுத்துவந்து எனக்குப் பக்கத்தில் இருத்தினா.

றொபின்சன் யன்னலால் எட்டிப் பார்த்தார். "ஜீப்புக்குக் கல்லு இந்தக் கார். காருக்குக் கல்லு இந்தக் கல்லு. கல்லுக்கும் பெல்ட் போடுங்கோ அக்கா."

வழியெல்லாம் அருளம்பலம் யன்னலைத் திறந்து விட்டபடி ஓடினார், நித்திரை வராமலிருக்க. சுரங்கத்துக்குப் போகிற காட்டுப்பாதையின் வாசலுக்கு நாங்கள் வந்து சேரும்போது பன்னிரண்டேகால். தார் றோட்டு அதோடு முடிந்தது.

"அண்ணை, காரை இங்கை விட்டிட்டு என்ரை ஜீப்பிலை ஏறுங்கோ," என்றான் ரதீசன்.

"அப்ப திரும்பவும் மூண்டாய்ப் போச்சு," என்றா செல்வமலர்.

அந்த இடத்தில் ஒரு ஆள் உறுதியாக மறுத்திருந்தால் கதை வேறாக முடிந்திருக்கும். ஆனால் எல்லோருக்கும் பசி, வெயில், பிந்தின எரிச்சல். அருளம்பலம் மனைவியைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், காரை ஸ்டார்ட் பண்ணினார்.

கொறொல்லா காட்டுப்பாதையில் போனவிதத்தை ஜீப்காரர் ஒருத்தரும் வெளியில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கல்லிலும் குழியிலும் வயிறு உரசி உரசி, முனகி முனகி, ஆனால் போனது. ரதீசனின் ஜீப்தான் இரண்டு இடத்தில் நின்று யோசித்தது. பிறகு மரங்கள் சட்டென்று முடிந்தன. முன்னால் செம்மஞ்சள் நிறத்தில் மொட்டை மலைகள், ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு புல், ஒரு பூச்சி இல்லை. தூரத்தில் கூரையில்லாத செங்கல் கட்டடமும் துருப்பிடித்த பெரிய சில்லொன்றும். ரதீசன் சொன்னது பொய்யில்லை. அழகு என்று சொல்ல வாய் வரவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த மண், மேலே அப்பத்தின் ஓரம்போல மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. கீழே கூழ். ஜீப்புகள் கரையால் சுற்றிப் போயின. கொறொல்லா நேராகப் போனது. இருபது யார் தூரம் போயிருக்கும். முன்சில்லு இரண்டும் அச்சுவரை இறங்கின. ஒரு மணி பத்து.

ரதீசன் ஓடிவந்தான். கவலைப்பட்டான் என்று சொல்ல முடியாது. கலியாண மாப்பிள்ளை முகம்.

"பயப்பிடாதையுங்கோ அண்ணை. வின்ச் இருக்கு. கார் இனி எங்கையும் ஓடாது, ஆறுதலாய்ச் சாப்பிட்டு, கட்டடத்தைப் பாத்திட்டு, நாலு மணிபோலை வடிவாய் வீடியோ எடுத்து இழுப்பம்."

"எனக்கு அஞ்சுக்கு வேலை," என்றார் அருளம்பலம் மெதுவாக.

"ஒரு நாளைக்கு வருத்தம் எண்டு சொன்னால் என்னப்பா? நீங்கள் கூட்டாட்டிப் பிளேன் பறக்காதோ?" என்றா செல்வமலர், மீன் ரோல்ஸ் பெட்டியைத் திறந்தபடி. "இந்த முழுக் கோடைக்கும் இண்டைக்குத்தான் என்னை வெளியிலை கூட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்."

அதுவும் உண்மைதான். அருளம்பலம் போனைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு மொட்டை மலையில் ஏறினார். சிக்னல் இல்லை. இறங்கினார். அடுத்ததில் ஏறினார். அங்கும் இல்லை.

மற்றவர்கள் இடிந்த கட்டடத்தின் நிழலில் துணி விரித்தார்கள். கட்டடத்துக்குள் ஒரு மரம் முளைத்துக் கூரை இருந்த இடத்தால் வெளியே போயிருந்தது. வசீகரனின் பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை பிடித்தார்கள். றொபின்சன் சுரங்கம் மூடின கதை ஒன்றைச் சொன்னார், பாதி அவருடைய சொந்தக் கற்பனை. எனக்கு மீன் ரோல்ஸ் இறங்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் கொறொல்லா தெரிந்தது. அருளம்பலம் முழங்காலில் இருந்து, சாப்பாடு கொண்டுவந்த இன்னொரு அலுமினியத் தட்டின் மூடியால் சில்லடியில் தோண்டிக்கொண்டிருந்தார். ஒரு மூடி அள்ள, ஒரு மூடி திரும்ப வழிந்து வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே சில்லில் தலையைச் சாய்த்தார். பிறகு திரும்பவும் அள்ளினார்.

ஒன்று ஐம்பத்திரண்டு. இரண்டு மணிக்கு வெளிக்கிட்டால்தான் ஐந்துக்குள் டோர்வல். அதற்குப் பிந்தினால் இல்லை.

என் வாழ்க்கையில் நான் சொன்ன செய்திகளிலெல்லாம் எனக்கு ஒரு சின்ன உருசை இருந்திருக்கிறது. இதில் இருக்கவில்லை.

"ரதீசன், ஜீப்பை எடு. அந்த மனிசன் அஞ்சு மணிக்கு அங்கை நிக்காட்டி வேலை போயிடும். கடிதம் வந்திட்டுது. இதுதான் கடைசித் தரம்."

றொபின்சன் கதையைப் பாதியில் விட்டார். செல்வமலர் ரோல்ஸ் பெட்டியை மூடினா.

"எந்தக் கடிதம்?"

நான் சொன்னேன். அருளம்பலம் எங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். என் முகத்தையும் மனைவியின் முகத்தையும் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் இன்னொரு மூடி மண்ணைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

ரதீசன் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினான். "ஏறுங்கோ அண்ணை."

"சீற்றிலை சேறு பிரளும்."

"ஏறுங்கோ எண்டிறன்."

இரண்டு மணிக்கு இரண்டு நிமிசம் இருக்க ஜீப் மலை வளைவில் மறைந்தது. வாழ்க்கையில் முதல்தரம் இழுக்கக் கிடைத்த காரை விட்டுவிட்டு வின்ச் டோர்வலுக்குப் போனது.

மிச்ச இரண்டு ஜீப்பும் கயிறு கட்டி, பலகை வைத்து, நாலேகால் வரை இழுத்தன. செல்வமலர் கட்டடத்தருகே துருப்பிடித்துக் கிடந்த அந்தப் பெரிய சில்லடியில் போய் இருந்தா. நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"எத்தினை நாளாய்த் தெரியும், மணியக்கா?"

"பதினைஞ்சு நாள்."

"பதினைஞ்சு நாள்," என்றா. "உங்களிட்டைச் சொன்னால் வெளியிலை போகும் எண்டு தெரிஞ்சும் உங்களிட்டைச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சொல்லேல்லை."

"நீர் கவலைப்படுவீர் எண்டுதான்."

"நான்தானே காரையும் உள்ளை கொண்டுவரச் செய்தனான்."



திரும்பும்போது றொபின்சன் தன் ஜீப்பை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கொறொல்லாவை ஓட்டினார். நாங்கள் மூன்று பேர். கல்லைச் செல்வமலர் மடியில் வைத்திருந்தா. றொபின்சன்கூட அதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. பெரிய றோட்டுக்கு வந்ததும் போனில் சிக்னல் வந்தது. ரதீசன் அனுப்பியிருந்தான்: "4:51. உள்ளை போயிட்டார்." நான் சத்தமாக வாசித்தேன். செல்வமலர் தலையை மட்டும் ஆட்டினா. வீட்டு வாசலில் இறங்கி, கல்லை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, ஒரு 'வாறன்' கூடச் சொல்லாமல் படியேறிப் போனா.

இது நடந்து மூன்று கிழமையாகிறது. அருளம்பலம் வேலைக்குப் போய்வருகிறார். படியில் கண்டால் தலையசைப்பார், நிற்பதில்லை. மேலே சண்டை பிடிப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை, நெடுநேரம் கதைக்கிறார்கள். முந்தி அப்படிக் கதைத்ததில்லை. ஆனால் குரலைத் தாழ்த்திக் கதைக்கப் பழகிவிட்டார்கள். ஒரு சொல்லும் என் கூரையால் இறங்குவதில்லை. சப்பாத்தைக்கூட இப்போது அவர் மெதுவாக வைக்கிறார்.

அல்போன்சம்மா பயணம் முடிந்த அடுத்தநாளே போன் எடுத்தா.

"அங்கை ஏதோ நடந்ததாம். அருளம்பலம் பாதியிலை ஓடினதாம். என்ன சங்கதி?"

"கார் புதைஞ்சது."

"பிறகு?"

"பிறகு இழுத்தெடுத்தது."



"மணி, உமக்குச் சுகமில்லையோ?"

"களைப்பு," என்றேன்.