வேறொருத்தியின் குரல்

வித்யாலட்சுமிக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. கஸ்டமர் கேர் வேலையில் சேர்ந்தபோது மற்றவர்கள் சனி, ஞாயிறைப் பிடித்துக்கொள்ள, மிச்சம் இருந்த நாள் இவளுக்கு வந்தது. ஆரணியிலிருந்து பெங்களூர் வந்து நான்கு வருடம் ஆகியும், சேர்ந்து ஊர் சுற்ற ஆள் அமையாததற்கு அதுவும் ஒரு காரணம். வெள்ளி காலைக் காட்சிக்குத் தனியாகப் போவாள். காக்ஸ் டவுனில் இருந்த ஒற்றை அறைக்குத் திரும்பி, தன் ஃபேஸ்புக் பக்கத்தில் விமர்சனம் எழுதுவாள். முந்நூறு சொச்சம் பேர் பின்தொடர்ந்தார்கள். ஒருவரையும் நேரில் தெரியாது.

அந்த வாரம் வந்தது ‘ஏழாவது லைன்’ என்ற சின்னப் படம். கோலார் தங்கவயலில் எடுத்தது, எல்லாரும் புதுமுகங்கள். தியேட்டரில் இவளோடு சேர்த்துப் பதினோரு பேர். வீட்டுக்கு வந்து கொஞ்சமும் தயங்காமல் எழுதினாள்: ‘அம்மாவாக வருபவருக்கு நல்ல முகம். ஆனால் வாயைத் திறந்தால் பாடப்புத்தகம் ஒப்பிக்கிறார். மகனை வழியனுப்பும் காட்சியில் அழுகையும் சேர்ந்து படம் படுத்தேவிடுகிறது.’

திங்கட்கிழமை மதியம் ஆபீஸ் பேன்ட்ரியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டிருந்த அவள் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் பாத்திரம் மோதும் சத்தம்.

“மேடம், என் பேரு கோமளம். பீன்யாவுல ஒரு ஃபேக்டரி கேன்டீன்ல சமைக்கிறேன். அந்தப் படத்துல அம்மாவா வந்தது நான்தான். நீங்க எழுதினத எங்கூட வேல செய்ற வனஜா படிச்சுக் காட்டுச்சு. எழுதினது சரிதான் மேடம், அது நல்லாவே இல்ல. ஆனா அது என் குரல் இல்ல. என்னக் கேக்காமயே வேற யாரையோ பேச வெச்சிட்டாங்க. தியேட்டர்ல பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சது. அத மட்டும் எழுதுவீங்களா?”

வித்யா டப்பாவை மூடிவிட்டு மாடிப்படிக்குப் போய் அந்த எண்ணுக்கு அழைத்தாள்.

“மன்னிச்சிடுங்கம்மா. எனக்குத் தெரியல.”

“அய்ய, நீங்க என்னா பண்ணுவீங்க? யாரும் பாக்கலன்னு நெனச்சேன். நீங்க பாத்து நாலு வார்த்த எழுதினீங்களே.”

“அந்தக் காட்சில ஷூட்டிங்ல எப்படிப் பேசினீங்க? இப்ப ஒரு தடவ சொல்ல முடியுமா?”

அந்தப் பக்கம், “வனஜா, அடுப்பப் பாத்துக்கோ” என்று கேட்டது. ஏதோ கதவு சாத்தப்பட்டது, பாத்திரச் சத்தம் அடங்கியது.

“டேய். டிரெயினுக்கு நேரமாச்சு, கெளம்பு. துணி எல்லாம் மடிச்சு வெச்சிருக்கேன். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு. பண்ணலன்னாலும் பரவால்ல... நான் பண்றேன்.”

அவ்வளவுதான். படத்தில் இதே வார்த்தைகளை அந்த டப்பிங் குரல் அழுது தீர்த்திருந்தது. கோமளம் அழவில்லை. ‘பரவால்ல’ என்ற இடத்தில் மட்டும் குரல் ஒரு படி இறங்கியது. வித்யா கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். அவள் ஆரணியில் இருக்கும் அம்மாவோடு பேசி மூன்று வாரம் ஆகியிருந்தது.

அன்று வேலை முடிந்ததும் விமர்சனத்தில் திருத்தம் சேர்த்தாள். ‘கோமளத்தின் குரலை இன்று கேட்டேன். படத்தில் இருந்திருக்க வேண்டியது அதுதான். குறை அவருடையதல்ல, அந்தக் குரலை எடுத்துவிட்டவர்களுடையது.’ நான்கு லைக் விழுந்தது. ஒன்று வனஜாவுடையது.

ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டு, கோமளத்தோடு சேர்ந்து இன்னொரு தடவை அந்தப் படத்தைப் பார்க்கலாம் என்று நினைத்தாள். டிக்கெட் தேடியபோது வியாழனோடு எல்லாத் தியேட்டரிலும் படத்தைத் தூக்குகிறார்கள் என்று தெரிந்தது. போன் செய்து சொன்னாள்.

“போவுது விடும்மா,” என்றாள் கோமளம். “எனக்கும் அந்தக் குரல மறுபடி கேக்க வேணாம். அடுத்து என்னா படம் பாக்கப் போற?”

வெள்ளிக்கிழமை ஒரு பெரிய படம். அரங்கு நிறைந்திருந்தது. இடைவேளையில் சுற்றிலும் கும்பல் கும்பலாகப் பேச்சு. படம் முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தபோதே கோமளத்துக்கு அழைத்துவிட்டாள்.

“எப்படி இருந்துச்சும்மா?”

வித்யா சொல்ல ஆரம்பித்தாள். சிவாஜிநகரில் இறங்கி அடுத்த பஸ் ஏறியும் சொல்லிக்கொண்டே வந்தாள். கோமளம் நடுநடுவே “அப்புறம்?” என்றாள். காக்ஸ் டவுன் வருவதற்குள், “சாயங்கால டீ போடணும், வெக்கிறேம்மா” என்று வைத்துவிட்டாள்.

க்ளைமாக்ஸ் சொல்ல வேண்டியது பாக்கி. அறைக்குள் வந்து செருப்பைக் கழற்றியவள் லேப்டாப்பைத் திறக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, ஆரணி எண்ணைத் தேடி எடுத்தாள்.