இடப்புரிக் கயிறு

செத்தவர்கள் வீடு திரும்பும் நாட்களில் எந்த வேலையையும் அரைகுறையாகப் போட்டு வைக்கக் கூடாது. மெக்சிகோவின் யுகத்தான் பக்கம், மாயா இனத்தாரின் ஊர்களில் இது குழந்தைக்கும் தெரியும். அழுக்குத் துணி கிடந்தால் வந்த ஆவி படையலைத் தொடாமல் பசியோடு உட்கார்ந்து துவைக்கத் தொடங்கிவிடும்.

ஃபிதேலியா வேண்டுமென்றேதான் கயிற்றை ஒதுக்காமல் விட்டாள். தூணில் கட்டிய கற்றாழை நார்க் கயிறு பாதி திரித்தபடி கிடந்தது. பக்கத்தில் சீவிய நார் ஒரு கட்டு. அவள் கணவன் தமியான் பண்ணையில் கற்றாழை வெட்டும்போதே வெயிலில் சுருண்டு விழுந்து செத்தவன். வேலை கிடந்தால் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பான் என்று நினைத்தாள்.

கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு மத்தியானம் திரும்பியபோது கயிறு ஒரு முழம் வளர்ந்திருந்தது. அவள் திரிப்பது வலப்புரி. அவள் நிறுத்தி முடிச்சிட்ட இடத்துக்கு அப்பால் வளர்ந்திருந்தது இடப்புரி. தமியான் இடக்கைக்காரன், ஊரில் அப்படித் திரிக்க வேறு ஆள் கிடையாது.

"வந்துட்டீங்களா?" என்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

படையல் நாட்கள் முடிந்து ஊரார் ஆவிகளை வழியனுப்பினார்கள். இவள் வீட்டில் மட்டும் தொடையில் நார் உருளும் சத்தம் ஓயவில்லை. பட்டப்பகலில், அவள் சோள ரொட்டி தட்டும்போது, முதுகுக்குப் பின்னால் சரக், சரக். திரும்பினால் யாருமில்லை. ஆவி உண்ட சோற்றில் ருசி இருக்காது என்பார்கள். படைத்த கோழியைக் கிள்ளி வாயில் வைத்தாள். உப்பும் உறைப்பும் அப்படியே இருந்தன. மறுநாள் புதுக் கயிற்றில் ரத்தம் தீற்றியிருந்தது.

அவள் ஓடிப்போய்த் தமியானின் அக்கா பெர்னார்டாவைக் கூட்டிவந்தாள். பெர்னார்டா கயிற்றை இழுத்துப் பார்த்தாள். ரத்தக் கறையை விரலால் தடவினாள்.

"உசிரோட இருந்தப்ப பண்ணைக்காரன் வேலை வாங்கினான். செத்தப்புறம் நீ வாங்குறியாடி?"

"இருக்கட்டும்னுதான் மதினி..."

"அவன் எங்க இருக்கான்? வீட்டுக்கு வந்தும் பண்ணையிலதான் இன்னும் நிக்கிறான். வேலை முடிஞ்சாத்தான் போவான். புடி அந்த முனைய!"

ஃபிதேலியா பின்னால் நடந்து நடந்து நார் கொடுக்க, பெர்னார்டா முறுக்கினாள். ஒருமுறை ஃபிதேலியாவின் கைக்குப் பக்கத்தில் வேறொரு கை நாரை ஒதுக்கிக் கொடுத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பொழுது சாயும்போது நார் தீர்ந்தது. நுனியை இறுக்கிக் கட்டினார்கள்.

"முடிஞ்சுதுங்க," என்றாள் ஃபிதேலியா. "போய்ட்டு வாங்க."

வாசல் கதவு லேசாக அசைந்தது. சத்தம் நின்றது. வீடு அன்றுதான் உண்மையில் காலியானது.

பெர்னார்டா கயிற்றைச் சுருட்டித் தன் மாட்டுக்கு ஆகுமென்று எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று கேட்டாள்: "நிறுத்தி வெக்கப் பாத்தியே, அவன்கிட்ட அப்படி என்னடி சொல்ல இருந்தே?"

"பெருசா ஒண்ணுமில்ல மதினி. வந்தா, கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்கன்னு சொல்லணும்னு இருந்தேன்."

பெர்னார்டா அன்று தன் வீட்டுக்குப் போகவில்லை.