காய்ச்சல் விட்ட சனிக்கிழமை

எங்க கோயில்ல டிசம்பர் மாசக் கடைசி ஞாயித்துக்கெழம ஸ்தோத்திர ஆராதனை. அந்த வருசம் பூரா ஆண்டவரு செஞ்ச நன்மைய ஒவ்வொரு குடும்பமும் ஒரு சீட்டுல எழுதி, காணிக்கைக் கவருக்குள்ள வச்சு, சனிக்கெழம சாயங்காலத்துக்குள்ள குடுத்திரணும். மறுநாள் ஐயர் ஒவ்வொண்ணா வாசிப்பாரு. பாதிரியாரத்தான் நாங்க ஐயர்னு சொல்லுவோம். நம்ம சீட்ட வாசிக்கும்போது குடும்பமா எந்திச்சு முன்னால போயி முழங்கால் போடணும். தலையில கைவச்சு ஜெபிப்பாரு. கோயிலே பாத்துக்கிட்டு இருக்கும்.

எனக்கு அந்த நாளு ரொம்பப் பிடிக்கும். ஏன் பிடிக்கும்னு இப்பம் யோசிச்சா வெக்கமா இருக்கு.

போன வருசம் எங்களுக்கு எழுத நிறைய இருந்துச்சு. பிப்ரவரில எம்பொண்டாட்டி பொன்மலருக்குக் கழுத்துல கட்டி எடுத்தாங்க. சோதிச்சுப் பாத்துட்டு கேன்சர் இல்லன்னுட்டாங்க. ஜூன்ல எனக்கு கரண்ட் அடிச்சுது. குத்தாலத்துல ஒரு லாட்ஜுல மோட்டாரு, வயரிங்கு எல்லாம் நான்தான் பாக்கேன். மொட்டை மாடில மோட்டார தொட்டதும் தூக்கி வீசிருச்சு. சுவத்துப் பக்கமா விழுந்தேன். ரோட்டுப் பக்கமா விழுந்திருந்தா அன்னைக்கே கதை முடிஞ்சிருக்கும். எங்களுக்கு ஒரே மக, அக்சா. கல்யாணமாகி ஒம்பது வருசம் கழிச்சுப் பொறந்தவ, ஆறாப்பு படிக்கா. அவளுக்கு அந்த வருசம் ஒரு சளி கூடப் பிடிக்கல.

கிறிஸ்மஸ் வரைக்கும்.

கிறிஸ்மஸுக்கு முந்துன திங்கக்கெழம காய்ச்சல் ஆரம்பிச்சுது. புதங்கெழம டெங்குன்னு சொல்லி தென்காசில ஒரு ஆஸ்பத்திரில சேத்தோம். கிறிஸ்மஸ் அன்னைக்கு நூத்தி நாலு. "அப்பா, கண்ணுக்குப் பின்னால வலிக்கி"ன்னு அழுதா. நான் ஆஸ்பத்திரி மாடிப்படில உக்காந்து பொருத்தனை பண்ணினேன். ஆண்டவரே, இந்தக் காய்ச்சல எடுத்துப்போடும், ஞாயித்துக்கெழம எம்புள்ளைய நடத்திக் கூட்டிட்டு வந்து உம்ம சமூகத்துல முழங்கால் போட வைக்கேன்னு.

சனிக்கெழம காலையில காய்ச்சல் விட்டிருச்சு. தொட்டுப் பாக்கேன், பச்சத்தண்ணி மாதிரி இருக்கு ஒடம்பு. எனக்கு அழுகையே வந்துட்டு.

டாக்டரம்மா வந்தாங்க. "காய்ச்சல் விட்டதுக்கு அப்புறந்தான் ரெண்டு நாளு ரொம்பக் கவனமா பாக்கணும். பிளேட்லெட் இன்னும் எறங்கிட்டுத்தான் இருக்கு. இப்பம் கூட்டிட்டுப் போகக் கூடாது"ன்னாங்க.

"நாளைக்கு ஒரு நாளுதான் டாக்டர். கோயிலுக்குப் போயிட்டு மத்தியானம் கூட்டிட்டு வந்திருதேன்."

"வேண்டாம்னு சொல்லுதேன்ல."

பொன்மலரும் எங்கையப் பிடிச்சா. "ஏங்க, அவங்க சொல்லுதத கேப்போமே."

"ஆண்டவருக்குக் குடுத்த வாக்கு. ஒனக்குத் தெரியாதா?"ன்னேன். அவ என் கைய விட்டுட்டா. என் சொந்தப் பொறுப்புல கூட்டிட்டுப் போறேன்னு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கினாங்க. படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

வீடு மேலகரத்துல. போற வழியிலேயே ஆட்டோவ கோயில் வாசல்ல நிறுத்தி சீட்டு எழுதிக் குடுத்தேன். அந்த எழுத்து இப்பவும் எனக்கு மனப்பாடம். 'கடந்த ஆண்டு முழுவதும் எங்களைக் கண்மணி போலக் காத்து, மனைவியின் ஆபரேஷனில் கூட இருந்து, மின்சார விபத்தில் என் உயிரைத் தப்புவித்து, மகள் அக்சாவுக்குப் பூரண சுகம் கொடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம். ஞானதிரவியம் குடும்பத்தார்.' பூரண சுகம்ங்கிறதுக்கு அடியில ரெண்டு கோடு போட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் வயிறு வலிக்குன்னா. ரெண்டு தடவ வாந்தி எடுத்தா. அஞ்சு நாளு காய்ச்சல்ல கெடந்த புள்ள, அசதின்னு நெனச்சோம். கஞ்சி குடுத்து படுக்க வச்சோம்.

ஞாயித்துக்கெழம காலையில கிறிஸ்மஸுக்கு எடுத்த கவுன அவளுக்குப் போட்டு விட்டா பொன்மலர். சட போடும்போது புள்ள தலை சுவத்துல சாஞ்சு சாஞ்சு விழுது.

"ஏட்டி, நேரா உக்காரு. கோயிலுக்கு நேரமாகுது"ன்னேன். ஆமா, நான்தான் சொன்னேன்.

அந்நேரம் அடுத்த வீட்டு நிலோபர் எட்டிப் பாத்தா. அவ ஒரு கிளினிக்ல நர்ஸு. டூட்டிக்குக் கெளம்பி நிக்கா. "என்ன அக்சா, ஆளே மாறிட்டா? மகாராணி மாதிரி இருக்கியே"ன்னு சிரிச்சுக்கிட்டே வந்து கையப் பிடிச்சா. சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. நகத்த அமுக்கி அமுக்கிப் பாத்தா.

"அண்ணாச்சி, புள்ள கை ஐஸ் மாதிரி இருக்கு. ஒண்ணுக்கு எப்பம் போனா?"

நான் பொன்மலரப் பாத்தேன். அவ என்னப் பாத்தா. நேத்து மத்தியானத்துக்கு அப்புறம் போனாளான்னு ரெண்டு பேருக்குமே தெரியல.

"கோயிலுக்கெல்லாம் வேண்டாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க"ன்னு சொல்லிட்டு வாசலுக்கு ஓடினா. "ஏங்க, ஆட்டோவ எடுங்க!" அவ மாப்பிள்ள முகம்மது சலீமு பல்லு தேச்சுக்கிட்டு இருந்தவன், வாயக் கூடக் கொப்புளிக்காம வண்டிய எடுத்தான்.

நான் அப்பவும் சொன்னேன், "போற வழியிலதான் கோயிலு. பத்தே நிமிசம். முன்னால போயி ஜெபம் பண்ணிட்டு நேரா போயிருவோம்." பொன்மலர் புள்ளையத் தூக்கிக்கிட்டு ஆட்டோல ஏறிட்டா.

ரோட்டுல ஐயப்ப சாமிமாரு வண்டி. குத்தாலத்துல குளிச்சிட்டு வரக்கூடிய வேனும் பஸ்ஸும் நகரவே மாட்டேங்குது. சலீமு ஆரன விட்டுக் கைய எடுக்கல. ஒரு சந்துக்குள்ள விட்டான், குப்பை வண்டி நிக்கி, திருப்பிக்கிட்டு வந்தான். அக்சா பொன்மலர் மடியில கெடக்கா. உதடு வெளுத்துப் போச்சு. "தண்ணி"ன்னு கேட்டா, குடுத்தா குடிக்க முடியல.

கோயில் வந்துச்சு. பாட்டுச் சத்தம் கேக்குது. ஆராதனை ஆரம்பிச்சாச்சு.

"சலீமு, நிறுத்து"ன்னேன்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் யோசிக்கேன். பொருத்தனைய மீறினா ஆண்டவரு புள்ளைய எடுத்துக்கிடுவாருன்னு பயம். அந்தப் பயத்துல கண்ணு முன்னால கெடக்கிற புள்ள தெரியல எனக்கு.

"நிறுத்த மாட்டேன் அண்ணாச்சி"ன்னான் சலீமு, திரும்பிப் பாக்காமலே. "நாளைக்கு நீங்க என்கூட பேசாட்டாலும் சரி."

"ஒரு நிமிசம்லே!"

பொன்மலர் சொன்னா, "எறங்கணும்னா நீங்க மட்டும் குதிச்சிருங்க." இருபது வருசம் ஆகுது எங்களுக்குக் கல்யாணமாகி. அவ என்கிட்ட அந்தக் குரல்ல பேசினதே இல்ல.

நான் குதிக்கல. கோயில் பின்னால போயிருச்சு.

ஆஸ்பத்திரில அதே டாக்டரம்மா. என்னத் திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டல. ஒரு பார்வதான். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஒரு நர்ஸு கையில பிரஷர் பட்டையச் சுத்தி, கழத்தி, மறுபடியும் சுத்தி, "காட்ட மாட்டேங்குது டாக்டர்"ன்னா. புதுக் கவுன கத்தரிக்கோல வச்சு வெட்டினாங்க. ரெண்டு கையிலயும் ஊசி போட்டு குளுக்கோஸ் ஏத்தினாங்க.

டாக்டரம்மா வெளிய வந்து பொன்மலர்கிட்டதான் சொன்னாங்க, என்கிட்ட இல்ல. "ரத்தக் குழாய்லருந்து தண்ணி வெளிய கசியுது. நாங்க உள்ள ஏத்த ஏத்த அது கசியும். இது ஒரு நாளு, ஒன்ற நாளு நடக்கும். அதுக்குள்ள கிட்னி வேல செய்யணும். மூத்திரம் எறங்கினாத்தான் நமக்கு நம்பிக்கை."

ஐசியூல கட்டிலுக்குக் கீழ ஒரு பை தொங்குது. டியூப் வழியா மூத்திரம் அதுல வந்து விழணும். பை காலியா, தட்டையா இருந்துச்சு.

போன் அடிச்சுது. பொன்மலரோட தம்பி தேவா. பின்னால கோயில் பாட்டு கேக்குது.

"அத்தான், எங்கன இருக்கீய? உங்க சீட்ட வாசிச்சாச்சு! ஐயர் ரெண்டு தரம் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்காங்க. அக்சாவுக்குப் பூரண சுகம்னு வாசிக்கவும் கோயிலே அல்லேலூயான்னு சொல்லுது, நீங்க என்னன்னா வீட்ல உக்காந்து இட்லி திங்கியளா?"

பொன்மலர் போன வாங்கி, "தேவா, ஐசியூல இருக்கோம்"ன்னு மட்டும் சொல்லி வச்சா.

அப்புறம் என்கிட்டத் திரும்பினா. சத்தமே இல்லாமக் கேட்டா. "புள்ளைய நடத்திக் கூட்டிட்டு வான்னு ஆண்டவரு கேட்டாரா? அவரு கேக்கவே இல்ல. நீங்கதான் எல்லாரு முன்னாலயும் நடக்கணும்னு ஆசப்பட்டீய."

அதுதான் உண்மை. அதுக்கு முந்துன வருசம் ஒரு குடும்பம் முன்னால போயி நின்னப்ப, என்னா சாட்சி, என்னா சாட்சின்னு எல்லாரும் பேசினாங்க. நான் கடைசி பெஞ்சுல இருந்து பாத்துக்கிட்டு இருந்தேன். லாட்ஜுல வயரு பிடுங்குத பயலுக்கு ஒரு நாளு அந்த மாதிரி நிக்கணும்னு இருந்துச்சு.

அதுக்கப்புறம் அவ என்கிட்டப் பேசல.

நான் ஜெபம் பண்ணப் பாத்தேன். சின்ன வயசுலருந்து பழக்கம், வாயத் தொறந்தா ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னுதான் வருது. அந்த எடத்துல அந்த வார்த்தைய சொல்ல நாக்கு கூசுச்சு. வேற வார்த்தையும் வரல. கண்ணாடி வழியா அந்தப் பையவே பாத்துக்கிட்டு நின்னேன். சாயங்காலம் அடியில கொஞ்சூண்டு தெரிஞ்சுது, கடுங்காப்பி மாதிரி கருப்பா. "பத்து மில்லி கூட இல்ல"ன்னா நர்ஸு சங்கரேஸ்வரி.

அதுக்கு முந்தி, ஆராதனை முடிஞ்சு மத்தியானமே ஐயரும் தேவாவும் வந்திருந்தாங்க. தேவா அழுதுட்டான், இட்லின்னு சொன்னதுக்கு மன்னிப்பு கேட்டான். ஐயர் அங்கி கூட மாத்தல. நான் அவருகிட்ட, "ஐயா, என் சீட்டத் திருப்பித் தாங்க. பொய்யா எழுதிட்டேன்"ன்னேன்.

"பொய்யில்ல திரவியம். அவசரம்"ன்னாரு. எம்பக்கத்துல தரையில உக்காந்துக்கிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அங்கிப் பையில இருந்து சீட்ட எடுத்துக் குடுத்தாரு. நான் பூரண சுகத்த பேனாவால அடிச்சேன். ஒரு தடவ, ரெண்டு தடவ, பேப்பரே கிழிஞ்சு ஓட்டை விழுந்துட்டு. அத மடிச்சு சட்டப் பையில வச்சுக்கிட்டேன்.

திங்கக்கெழம காலையில இன்னும் மோசம். வயிறும் முகமும் வீங்கி, எம்புள்ள மாதிரியே இல்ல. நெஞ்சுக்குள்ள தண்ணி சேந்திருக்கு, மூச்சு விடக் கஷ்டப்படுதான்னாங்க. திருநெல்வேலிக்குக் கொண்டு போவமான்னு கேட்டேன். "இந்த நெலமையில வண்டில ஏத்த முடியாது"ன்னாங்க டாக்டரம்மா. அந்த சனிக்கெழம கையெழுத்துப் போட்ட பேப்பரு அவங்க பைல்ல மேலாப்புல தெரிஞ்சுது. என் பேர நானே வாசிச்சேன்.

வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்தேன், பொருத்தனை பண்ணின அதே படி. அதுல உக்காந்து, ஆண்டவரே, இனி ஒமக்கு நான் ஒண்ணும் தாறேன்னு சொல்ல மாட்டேன், எங்கிட்ட தாறதுக்கு ஒண்ணுமில்ல, அவள விட்டிரும்னு சொன்னேன். ஜெபம்னு சொல்ல முடியாது. பிச்சக்காரன் கேக்குத மாதிரிதான்.

மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். உள்ளருந்து சங்கரேஸ்வரி சத்தம். "பாப்பாவோட அப்பா எங்க? ஏ அண்ணாச்சி, இங்கன வாங்க!"

போச்சுன்னு நெனச்சேன். செவுத்தப் பிடிச்சுக்கிட்டுப் போனேன்.

கட்டிலுக்குக் கீழ குனிஞ்சு பையக் காட்டுதா. அடி உப்பி நிக்கி. தெளிவா, வெளிர் மஞ்சளா. நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே டியூப்ல ஒரு சொட்டு உருண்டு வந்து விழுந்துச்சு. அடுத்தது. அடுத்தது.

"கசிஞ்ச தண்ணி திரும்பி வர ஆரம்பிச்சிருச்சு. இன்னும் ரெண்டு நாளு கழிச்சுத்தான் எதுவும் சொல்லுவேன். இப்பம் சந்தோசப்படாதீங்க"ன்னாங்க டாக்டரம்மா. நான் சந்தோசப்படல டாக்டர்னேன். ஒரு தடவ பட்டது போதும்.

அக்சா கண்ணத் தொறந்தா. உதடு வெடிச்சுக் கெடக்கு. "அப்பா, என் கவுனு எங்க?"ன்னா.

வெட்டிட்டாங்கன்னு சொல்ல மனசு வரல. "துவைக்கப் போட்டிருக்கு மக்களே"ன்னேன்.

வெளிய வந்து பெஞ்சுல உக்காந்து சட்டப் பையில இருந்து சீட்ட எடுத்தேன். பாக்கி எழுதியிருந்த எல்லாத்தையும் பாத்தேன், ஆபரேஷன், கரண்ட், கண்மணி. எல்லாம் நடந்ததுதான். ஆனா யாரோ எழுதின மாதிரி இருந்துச்சு. பேப்பரத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன். 'எம்புள்ள ஒண்ணுக்குப் போனா. ஸ்தோத்திரம்.'

பொன்மலர் எப்பம் பக்கத்துல வந்து உக்காந்தான்னு தெரியல. எட்டி வாசிச்சா. நேத்துலருந்து என்கிட்டப் பேசாதவ.

"எவ்வளவுன்னு எழுதலையே"ன்னா. "நர்ஸு அளந்தா. நூத்தி எம்பது மில்லி."

நான் அதையும் சேத்து எழுதினேன்.