மாமனாரின் மிச்சம்

சேற்றில் இறால் தடவிக்கொண்டிருந்த செல்வம்மாளின் கையில் சீமையிலிருந்து மாமனாரின் தலை வந்து அகப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். அன்று இறால் மலிவு, ஏரியில் இடுப்பளவு தண்ணீர். சட்டி என்றுதான் முதலில் நினைத்தாள். மூக்கு தட்டுப்பட்டதும் புருஷன் ஞாபகம் வந்தது, ஏனென்றால் அந்த மாதிரி கிளிமூக்கு பழவேற்காட்டில் வேறு ஒருத்தருக்கும் கிடையாது. தலைமயிரில் தேங்காய்த் துருவல் மாதிரி என்னவோ ஒட்டிக்கிடந்தது. வெயில் ஏறியும் கரையவில்லை. ஓலைப் பறியிலிருந்த இறாலைக் கொட்டிவிட்டுத் தலையை அதில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "எங்க நைனா" என்றார் புருஷன். மயிரில் இருப்பது பனி, குளிர்காலத்தில் வெட்டியிருக்கிறார்கள் என்றார். பொழுது சாயும்வரை தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புருஷன் பெயர் எட்மண்ட் ஹார்ட்லோ. குப்பத்தில் எல்லாருக்கும் தொரை. சீமையில் நாற்பது ஊரை ஆண்ட பிரபுவின் ஒரே பிள்ளை. ராஜாவுக்கும் பார்லிமெண்டு சபைக்கும் நடந்த சண்டையில் அப்பா சபைப் பக்கம் நின்றார். தோற்ற ராஜா வீட்டார் திரும்பப் பட்டத்துக்கு வந்ததும் அப்பா ஒளிந்துகொண்டார், மகன் ஒல்லாந்துக்காரர் கப்பலேறிப் பழவேற்காட்டில் இறங்கினார். அங்கே ஒல்லாந்துக் கோட்டைக்காரர்களுக்கு ஒரு இங்கிலீஷ்காரரை உள்ளே வைத்துக்கொள்ளவும் பயம், துரத்தவும் தயக்கம். வெளியே குப்பத்தில் இரு என்றார்கள். இருந்தார். செல்வம்மாளைக் கட்டிக்கொண்டார், வலை பின்னக் கற்றார், பச்சை மிளகாய் கடித்துக் கஞ்சி குடித்தார். மகன் துளசிங்கம் தத்தித் தத்தி நடக்கிற வயதில்தான் தலை வந்தது. அப்பா இறந்த சேதியோடு கடிதம் வர மேலும் ஒன்பது மாதம் ஆயிற்று. பழைய சேதிதானே என்று அதற்கு யாரும் அழவில்லை. தலை அதற்குள் குப்பத்து மணலில் முறையாகப் புதைக்கப்பட்டிருந்தது.

முகத்துவாரத்தின் அருகே மீன் ஏறும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். வருஷத்துக்கு ஒருமுறை ஓலைச் சீட்டுப் போட்டு, யார் எந்த நாளில் எந்தப் பாட்டில் வலை கட்டுவது என்று ஊர் கூடி முடிவு செய்யும். சீட்டில் பேர் ஏற வேண்டுமானால் தகப்பனைப் பெற்ற தாத்தன் அந்தக் குப்பத்து மணலில் கிடக்க வேண்டும். பணத்துக்கும் மசியாத சட்டம், கோட்டைக்கும் மசியாத சட்டம். துளசிங்கத்துக்கு மீசை அரும்பியதும் செல்வம்மாள் ஊர்க்கூட்டத்தின் முன்னால் போய் நின்றாள். பெரியதனக்காரர் செங்கல்வராயன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, "தாத்தன் மண்ணுல கீறானா இல்லியா?" என்று கேட்டார். "தலை மட்டும் கீதுப்பா" என்றது கூட்டம். ஒரு பகல் முழுக்க வாதம் நடந்தது. பாதி ஆளுக்குப் பாதிப் பாடு என்று தீர்ப்பாயிற்று. அதாவது துளசிங்கத்தின் வலை விடியலிலிருந்து உச்சிப்பொழுதுவரை தண்ணீரில் கிடக்கலாம், அதற்குமேல் ஒரு நொடி கிடக்கக் கூடாது. அநியாயம் என்று யாருக்கும் தோன்றவில்லை. செல்வம்மாளுக்கே தோன்றவில்லை.

பிறகு மழை மூன்று வருஷம் பொய்த்தது. ஏரி சுருங்கி உப்புப் பாளம் பாளமாக வெடித்தது. முழுப் பாடு உள்ளவன் வீட்டில் ஒருவேளைக் கஞ்சி, பாதிப் பாடு உள்ளவன் வீட்டில் வெறும் அடுப்பு. உள்நாட்டு நெல்லூர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து கோட்டை வாசலில் தங்களையே விற்றுக்கொண்டார்கள். கப்பல் அவர்களை அடிமைகளாக அள்ளிக்கொண்டு ஜாவாத் தீவிலுள்ள படேவியாவுக்குப் போகும். போனவர்களில் ஒருத்தர்கூடத் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. துளசிங்கம் ஒருநாள் சாதாரணமாகச் சொன்னான்: "நானும் போறேம்மா. ஒரு மூட்டை அரிசி குடுக்கறான்." தொரை மறுநாளே துணி மூட்டை கட்டினார்.

"நைனாவோட மிச்சத்த எடுத்தாந்துடறேன்" என்றார். "முழு ஆளு மண்ணுல இருந்தா முழுப் பாடு."

"இன்னா தொர பேசறே? இத்தினி வருசமா வராத ஒடம்பு, நீ போய்க் கூப்டா வந்துடுமா?"

"தானா வராது. போய்க் கேக்கணும்."

அவர் வரும்வரை கப்பலேற மாட்டேன் என்று மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார். சத்தியம் இரண்டு வருஷம் தாங்கியது. அதற்குமேல் பசி விடவில்லை. துளசிங்கம் கோட்டையில் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். கப்பல் புறப்பட நான்கு நாள் இருக்கையில், சேற்றில் இறால் தடவிக்கொண்டிருந்த செல்வம்மாளின் கையில் ஒரு மார்பு அகப்பட்டது. கழுத்துக்குமேல் ஒன்றும் இல்லை. வெட்டு புதியது. சட்டையின் தோள்பட்டையில் அவளே தைத்த ஒட்டு இருந்தது, வலது பாதத்தில் திருக்கை முள் குத்திய தழும்பு இருந்தது. சீமையில் போய் மிச்சத்தைக் கேட்டவரை அவர்கள் அப்பாவைச் செய்தது போலவே செய்துவிட்டார்கள். தண்ணீரில் நின்றபடி அவள் அந்தப் பாதத்தைக் கட்டிக்கொண்டாள். அழுதால் கரையில் கேட்கும். கேட்டால் இவள் தாலியறுத்தவள், மகன் கப்பலில். புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு உடம்பைக் கரைக்கு இழுத்து வந்தாள்.

ஊர் கூடிற்று. "யாருது?" என்று கேட்டார் செங்கல்வராயன்.

"எங்க மாமனாருது" என்றாள்.

செங்கல்வராயன் குனிந்து பார்த்தார். அந்தத் திருக்கை முள்ளைப் பிடுங்கிப் பச்சிலை வைத்துக் கட்டியது அவர்தான். கொஞ்ச நேரம் அந்தத் தழும்பையே பார்த்தார், பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்துப் பாதத்தின்மேல் போட்டார். "மாமனாருதுதான். மிச்சம் வந்து சேந்துட்ச்சு" என்றார். பழைய குழியைத் தோண்டினார்கள். தலை வந்த அன்று இருந்த மாதிரியே இருந்தது, மயிரில் பனிகூடக் கரைந்திருக்கவில்லை. உடம்பைக் கீழே வைத்ததும் தலை மணலில் நகர்ந்து வந்து கழுத்தோடு பொருந்திக்கொண்டது, வெட்டின சுவடே இல்லை. பார், ஒரே ஆள் என்று ஊர் தலையாட்டியது. துளசிங்கம் பேரனாக நின்று மூன்று கை மணல் போட்டான். மாமனார் செத்த வீட்டில் மருமகள் எவ்வளவு அழ வேண்டுமோ அவ்வளவுதான் செல்வம்மாள் அழுதாள். மறுநாள் போட்ட வருஷச் சீட்டில் அவனுக்கு முழுப் பாடு விழுந்தது, கப்பல் அவனில்லாமல் போயிற்று.

ஒன்பது மாதம் கழித்துக் கோட்டையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரிக்காமலே அடுப்பில் போட்டாள். தினமும் மஞ்சள் பூசிக் குளித்தாள், குங்குமம் வைத்தாள், நல்ல நாளில் பூவும் வைத்துக்கொண்டாள். வலைக்குப் போகும்போது துளசிங்கம் சில சமயம், "நைனா எப்பம்மா வரும்?" என்பான். "வேலை முடிஞ்சா வருவாரு" என்பாள். இருபத்தாறு வருஷம் இதையே சொன்னாள். செத்த அன்றும் சுமங்கலியாகவே சோடித்தார்கள். தனக்கு இடம் அந்தக் குழியின் பக்கத்தில்தான் வேண்டும் என்று கடைசியில் கேட்டிருந்தாள். மருமகளை மாமனார் பக்கத்தில் படுக்கவைப்பது மரியாதை இல்லை என்று ஊர் மறுத்துவிட்டது. எட்டத் தள்ளிப் புதைத்து, சீமையிலிருந்து தொரை வந்தால் வேண்டுமே என்று அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டார்கள். அந்த இடத்தில் இன்றைக்கும் யாரையும் புதைப்பதில்லை.