ஒரு தடவைதான் தண்ணீர்

"இந்தக் குழந்தைக்கு யாராவது ஏற்கெனவே தண்ணீர் ஊற்றியிருக்கிறார்களா?"

கோயில் வாசலில் நின்று சாமியார் கேட்டது வழக்கமான கேள்விதான். ஞானஸ்நானத்துக்கு வருகிற எல்லாரையும் கேட்பார். எல்லாரும் "இல்லை சாமி" என்பார்கள். மேலே காரியம் நடக்கும். டாக்ஸி டிரைவர் ராயப்பனும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் அவன் மனைவி சவரியம்மாள், "ஊத்தியாச்சுன்னு சொன்னாங்க சாமி" என்று ஒரு குண்டைப் போட்டாள்.

ராயப்பனுக்குக் கடலூரே ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

போன மாதம் சிதம்பரத்தில் ஒரு பிரசவ விடுதியில் பிறந்தவள் குழந்தை. பிறக்கும்போதே நீலம் பாரித்துக் கிடந்ததாம். தாய்க்கு மயக்கம். கண் விழித்தபோது ஆயா இருசம்மாள், "பயப்படாதே, உங்க வேதத்துப்படி தண்ணி ஊத்தியாச்சு" என்றாளாம். அந்த நிமிஷமே குழந்தை வீறிட்டு அழுததில் சவரியம்மாளுக்கு அது மறந்தே போய்விட்டது.

"இருசம்மா இந்துவாச்சே சாமி!" என்றான் ராயப்பன், ஆசையோடு.

"சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யாரும் கொடுக்கலாம், ராயப்பா. இந்து கொடுத்தாலும் செல்லும். தலையில் தண்ணீர் ஓடணும். வார்த்தைகள் சரியா வரணும். திருச்சபை செய்யறதைச் செய்யறோம்கிற மனசு வேணும். செல்லிடுச்சுன்னா அது ஆத்துமாவில் விழுந்த அழியாத முத்திரை. மறுபடி ஊற்ற எனக்கு அதிகாரமில்லை. பாப்பரசருக்கே இல்லை."

"அப்போ புள்ளையை ஏந்தி நிக்கிற ஞானத்தகப்பன்?"

"மிச்சச் சடங்கில் கூட நிற்கலாம். ஆனா ஞான உறவு உண்டாகாது."

ராயப்பன் மெல்லத் திரும்பிப் பார்த்தான். பின்னால் புதுச் சட்டையில் விறைப்பாக நின்றான் மச்சான் தைரியநாதன், சவரியம்மாளின் தம்பி. கல்யாணத்தன்று மாப்பிள்ளைத் தோழனாக வேறொருத்தனை நிறுத்தினதிலிருந்து இரண்டு வருஷமாக ராயப்பனோடு அவனுக்குப் பேச்சு இல்லை. குழந்தைக்கு ஞானத்தகப்பனாக அழைத்த பிறகுதான் மனம் இளகி வந்திருந்தான். அதுவும், "புள்ளை தலையைத் தொட்ட பிறகுதான் பேசுவேன்" என்ற கண்டிஷனோடு. சாயங்காலம் ரயில், நாளன்றைக்கு மதராஸில் அந்தமான் கப்பல். திரும்ப மூன்று வருஷம் ஆகும்.

"சந்தேகம் இருந்தா ஊத்தலாமே, அப்படி வச்சு ஊத்திடுங்களேன் சாமி!"

"ஆள் இருபத்தெட்டு மைலில் இருக்கும்போது சந்தேகம்னு சொல்றது சோம்பேறித்தனம். உபதேசியாரை ஏத்திக்கிட்டுப் போ. கேட்டுட்டு வா."

ப்ளைமவுத் டாக்ஸி பறந்தது. முன்னால் ராயப்பனும், ஊருக்கு வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் சூசையும். பின்னால் மச்சான்.

"உபதேசியாரே, வண்டி ஓட்டறவர்கிட்ட சொல்லுங்க, அஞ்சே முக்காலுக்கு எனக்கு ரயில்."

"ராயப்பா, அஞ்சே முக்காலுக்கு ரயிலாம்."

"எனக்குக் காது கேக்குது உபதேசியாரே!"

புதுச்சத்திரம் தாண்டும்போது ராயப்பன் மனசுக்குள் வேண்டிக்கொண்டான்: மாதாவே, அந்தம்மா ஊத்தினது செல்லாமப் போகணும். வேண்டி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். பெற்ற மகளுக்குக் கிடைத்த மோட்சத்தையே பொய்யாக்கச் சொல்கிற அப்பன் உலகத்தில் உண்டா? சரி, செல்லட்டும் மாதாவே. கண்ணாடியில் மச்சான் முகம் தெரிந்தது. வேண்டாம், செல்ல வேண்டாம். வெள்ளாற்றுப் பாலம் வருவதற்குள் ஏழு தடவை மாற்றி மாற்றி வேண்டியாயிற்று. மாதாவுக்கே தலைவலி வந்திருக்கும்.

சிதம்பரத்தில் இருசம்மாள் வீடு பூட்டிக் கிடந்தது. "அண்ணாமலை நகர்ல ஒரு புரொபசர் வீட்டுப் புள்ளையைக் குளிப்பாட்டப் போயிருக்கு" என்றாள் எதிர்வீட்டுக்காரி. வண்டி மறுபடி சீறியது.

குவார்ட்டர்ஸ் பின்கட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் இருசம்மாள். காலில் குழந்தை, கையில் செம்பு. பக்கத்தில் துண்டும் கையுமாகப் புரொபசர்.

"அன்னைக்குச் சவரியம்மா புள்ளைக்கு எப்படி ஊத்தினே? சொல்லு!" என்று மூச்சிரைத்தார் உபதேசியார்.

"சொல்றது என்ன, காட்டறேன் பாரு. நெத்தியில இப்படி மூணு வாட்டி..." செம்பு புரொபசர் பிள்ளையின் தலைக்கு மேலே சாய்ந்தது.

"ஐயையோ! வாயைத் திறக்காதே!" உபதேசியார் பாய்ந்தார். கடலைமாவில் கால் வழுக்கி, பக்கத்திலிருந்த அண்டாவுக்குள் பொத்தென்று உட்கார்ந்தார்.

"யார் சார் நீங்கள்ளாம்?" என்றார் புரொபசர்.

"நான் ஏன்யா வாயைத் திறக்கப் போறேன்? அந்த மந்திரம் எனக்கு எங்க தெரியும்?" என்றாள் இருசம்மாள்.

"பின்னே யார் சொன்னது?"

"பக்கத்துக் கட்டில்ல சிலுவைச் சங்கிலி போட்ட அம்மா ஒண்ணு. எழுந்திருக்க முடியல அதுக்கு. 'நீ ஊத்து, நான் சொல்றேன்'னுச்சு. நான் ஊத்தினேன், அது சொல்லிச்சு. ஒரு குறை கிடையாது."

அண்டாவுக்குள்ளிருந்து ஒரு கை உயர்ந்தது. "செல்லாது! ஊத்தற கையும் சொல்ற வாயும் ஒரே ஆளோடதா இருக்கணும்!"

"மாமா!" என்று கத்திக்கொண்டே தைரியநாதன் ராயப்பனை இடுப்போடு தூக்கிவிட்டான். கண்டிஷன் காற்றோடு போயிற்று.

இருசம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ அன்னைக்கு அந்தப் புள்ளை செத்திருந்தா?"

உபதேசியார் வேட்டியைப் பிழிந்துகொண்டே தணிந்த குரலில் சொன்னார்: "உங்க ரெண்டு பேர் மனசையும் ஆண்டவர் பார்த்திருப்பார் தாயே. சட்டம் எங்களைத்தான் கட்டும், அவரை இல்ல."

"நானும் வரேன். சரியாச் செய்யறது எப்படின்னு பார்க்கணும். இன்னும் எத்தனை புள்ளைங்களுக்கு ஊத்த வேண்டி வருமோ!"

நாலரைக்கு வண்டி கோயில் வாசலில் நின்றது. சாமியார் இருசம்மாளை இரண்டு தடவை குறுக்குக் கேள்வி கேட்டார். பிறகு ஸ்டோலா என்கிற சடங்குப் பட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

திருச்சபையிடம் என்ன கேட்கிறாய் என்று லத்தீனில் கேள்வி வந்தது. பேச்சு வராத பிள்ளைக்காக ஞானத்தகப்பன்தான் பதில் சொல்ல வேண்டும். "ஃபீதெம்!" என்று தைரியநாதன் போட்ட சத்தத்தில் மாடப்புறாக்கள் பறந்தன. விசுவாசம் வேண்டுமாம்; வழியெல்லாம் உபதேசியார் உருப்போட வைத்திருந்தார். நாக்கில் உப்பு வைத்ததும் குழந்தை முகத்தைச் சுளித்தது.

"பாரு, அவரே ஊத்தறார், அவரே சொல்றார்" என்று சவரியம்மாள் காதில் கிசுகிசுத்தாள் இருசம்மாள். மூன்றாம் முறை தண்ணீர் விழுந்ததும், மரிய செசிலி என்று பேர் பெற்ற மகள் தொண்டை கிழிய அழுதாள். சவரியம்மாளும் அழுதாள், சிரித்துக்கொண்டே.

இதில் எதிலும் பெற்ற அப்பனுக்கு வேலையே இல்லை. ராயப்பன் ஓரமாக நின்றான். முடிந்ததும் கையை நீட்டினான். "குடுங்க மச்சான், ரயிலுக்கு நேரமாச்சு."

"அந்தாண்ட போங்க மாமா! ஸ்டேஷன் வரைக்கும் நான்தான் வச்சிருப்பேன். நீங்க வண்டியை எடுங்க."

ராயப்பன் வண்டியை எடுத்தான். தெருவில் ஒரு கோழிகூட இல்லை. இருந்தாலும் ஜங்ஷன் வரைக்கும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.