கொம்புப் பாறையில் நின்ற கல்யாணம்

ஃபோட்டினியின் ஊரான கவாரி முனையில் நின்றால், குடாவின் எதிர்முனையில் மாப்பிள்ளை ஊரான பெட்ராக்கியின் தேவாலய வாசல் தெரியும். படகில் ஏறினால் பேச்சு முடிவதற்குள் போய்விடலாம். ஆனால் ஃபோட்டினியின் கல்யாணத்தன்று காலையிலேயே வடகாற்று பிடித்துக்கொண்டது. குடா முழுக்க வெள்ளை நுரை. ஒரு படகுக்காரனும் கயிற்றை அவிழ்க்கவில்லை.

"கல்யாணத்த இங்கயே வெச்சிருக்கலாம். உன் மாமியாருக்குத்தான் அவங்க ஊர்லயே நடக்கணும்" என்று புலம்பிக்கொண்டே அண்ணன் மாந்தோஸ் வண்டியை எடுத்தான்.

குடாவைச் சுற்றி, மலை ஏறி இறங்கும் ஒரே சாலை. பாதி மலையில் மண்சரிவு. பாறையும் பைன் மரமுமாக வழி அடைத்துக் கிடந்தது. ஃபோட்டினி கல்யாண உடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மாப்பிள்ளை லாம்ப்ரோஸுக்குப் போன் போட்டாள்.

"பாதிரியாரக் கூட்டிட்டு கரையோரமா நடந்து வா. நான் இந்தப் பக்கமிருந்து வரேன்."

"நடுவுல கொம்புப் பாறை இருக்கேடி!" என்றான் மாந்தோஸ்.

"கடல் அடங்கியிருந்தா அதச் சுத்திப் போயிடலாம்ல?"

"அடங்கியிருந்தா படகுலயே போயிருப்போமே, மண்டு!"

அவள் கேட்கவில்லை. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கரைக்கு இறங்கிக் கூழாங்கற்களில் நடந்தாள்; மாந்தோஸும் பின்னாலேயே போனான். குடா வளையும் இடத்தில் அந்தப் பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கியிருந்தது. அலை அதன் பாதி உயரம்வரை ஏறி அடித்தது.

அப்பாலிருந்து லாம்ப்ரோஸின் குரல் வந்தது. "ஃபோட்டினி! பாதிரியார் வந்துட்டார்!"

"அங்கிருந்தே ஜெபத்தச் சொல்லச் சொல்லு!"

"கல்யாணக் கிரீடத்த யார் தலையில வைக்கறதும்மா? பாறை தலையிலயா?" என்று கத்தினார் பாதிரியார்.

"நேத்தே வந்து தங்கச் சொன்னேன்ல!" இது அவர்களோடு வந்திருந்த மாமியார்.

அந்த நேரம் பார்த்து ஓர் அலை ஃபோட்டினியை இடுப்புவரை நனைத்தது. கல்லில் உட்கார்ந்து ஆத்திரத்தில் அழுதாள். மாந்தோஸ் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினான். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"லாம்ப்ரோஸ், நான் வீட்டுக்குப் போறேன். காத்து நின்னதும் எல்லாரையும் படகுல ஏத்திட்டு நீ வா. எங்க தேவாலயத்துல நடக்கட்டும்."

பாறைக்கு அப்பால் மாமியாரின் குரல் உயர்ந்தது.

"அம்மா என்னமோ சொல்றாங்க..."

"சொல்லட்டும். நீ என்ன சொல்ற?"

"வரேன்."

காற்று லேசில் விடவில்லை. விருந்துக்குச் சுட்ட ஆட்டை அக்கம்பக்கத்தார் தின்று தீர்த்தார்கள். ஒருவழியாகக் கடல் அடங்கியதும் லாம்ப்ரோஸ் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தான். படகிலிருந்து இறங்கிய மாமியார் முதலில் காற்றைத் திட்டினாள், பிறகு மலையை, பிறகு படகுக்காரனை. ஃபோட்டினியை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வந்திறங்கிய அன்று மாலையே கவாரி தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது.